சிவப்பு நட்டுகள்

எங்கள் தெருவில் என் கணவருக்கு மேஜர் என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். இவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டு, பச்சைத் தொப்பி ஒன்றும் வாங்கி மாட்டிக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து, கால் உடைந்து வந்தவனிடம் எந்தக் கால் என்று மூன்று தடவை எழுதி வாங்கிய மனிதர். ராணுவத்துக்கும் இவருக்கும் உள்ள ஒரே சம்பந்தம், ஓய்வு பெற்ற மறுமாதம் ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்த அந்த லாரி.

லாரி வந்து மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து வீட்டில் மனிதர்களுக்கு இடமில்லை. முற்றத்தில் துணி காயப்போடுகிற கொடி போயிற்று. சாப்பாட்டு மேஜையில் கியர்பாக்ஸ் ஏறி உட்கார்ந்தது. என் பெரிய பாத்திரத்தில் கார்புரேட்டர் மண்ணெண்ணெயில் ஊறும். "தொட்டுடாதே, நேத்துதான் ஊற வெச்சேன்" என்பார், ஏதோ நான் எடுத்து அரைத்துவிடப் போகிற மாதிரி. லாரியின் கான்வாஸ் கூரையை வாஷிங் மெஷினில் திணித்துத் துவைத்தார். மெஷின் அன்றோடு உயிரை விட்டது. "போர்னா இழப்பு இருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் மாடி அறையில் அசல் ராணுவக்காரர் ஒருத்தர் இருந்தார். என் அண்ணன். இருபத்திரண்டு வருஷம் ராணுவ டிரைவர். ஓட்டியதும் இதே ரக லாரிதான். அண்ணி தவறிப்போன பிறகு, ஆறு வருஷமாக எங்களோடு இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். லாரி வந்து இறங்கிய அன்று மட்டும் இவர் பெருமையாக, "என்ன மச்சான், எப்படி நம்ம வண்டி?" என்று கேட்டார். அண்ணன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடும் மாப்பிள்ளை. நிக்கத்தான் யோசிக்கும்" என்றார். அதோடு இவர் அவரிடம் எதையும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

கேட்கத்தான் சங்கம் இருக்கிறதே. பழைய ராணுவ வண்டிப் பிரியர்கள் சங்கம். எட்டு பேர். பேங்க் மேனேஜர் ஒருத்தர், ஜவுளிக்கடைக்காரர் ஒருத்தர், தலைவர் ஒரு பல் டாக்டர். பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்கிற ஆட்கள். கூடினால் பேச்செல்லாம் பச்சையைப் பற்றித்தான். எந்த வருஷத்துப் பச்சை, எத்தனை பங்கு மஞ்சள் கலந்த பச்சை என்று மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பல் டாக்டர் வீடு வீடாக வந்து வண்டியைச் சோதித்து, அசலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மார்க் போடுவார். பல்லைப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை விட்டு இன்ஜினின் இடுக்கைப் பார்ப்பார். போன வருஷம் ஒரு ஸ்க்ரூ தலை வேறு மாதிரி இருந்ததற்கு அரை மார்க் போயிற்று. இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இந்த வருஷம் ஒரு மார்க்கும் போகக்கூடாது என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடியபோது அகப்பட்டவைதான் சக்கர நட்டுகள். அந்த லாரியின் சக்கரம் இரண்டு பாதித் தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து முடுக்கியது. நடுவில் ஒரு வட்டமாக உள்ள நட்டுகள் சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும். அதற்கு வெளியே இன்னொரு வட்டம். அவைதான் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பவை. வெளிவட்டம் முழுக்கச் சிவப்பு பெயின்ட்.

"எவனோ ரசனை கெட்டவன் பொட்டு வெச்சிருக்கான்" என்றார் இவர். சங்கத்துப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். படத்தில் எல்லா நட்டும் ஒரே நிறம்.

"ஏங்க, இது கறுப்பு வெள்ளைப் படம்" என்றேன்.

"உனக்கு ராணுவத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். ஒரே நாளில் அத்தனை சிவப்பையும் பச்சையாக்கிவிட்டார். நானும் எனக்கென்ன வந்தது என்று உள்ளே போய்விட்டேன்.

சோதனைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. பிரேக்கை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று இவர் முன்சக்கரத்துக்கு ஜாக்கி போட்டார். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, சக்கரத்துக்கு நேர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெளிவட்டத்து நட்டைத் திருக ஆரம்பித்தார். எல்லாம் பச்சை, எது எதுவென்று இவருக்கே மறந்துபோயிருந்தது. ஒன்று கழன்றது. இரண்டாவதும் கழன்றது. நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறுகிறதே என்ற எரிச்சலில் நின்றிருந்தேன்.

பேப்பர் வாங்கிக்கொண்டு அண்ணன் கேட்டைத் திறந்தார்.

"மாப்பிள்ளை, கையை எடுங்க!"

அண்ணன் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஓடி வந்து இவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தொப்பி ஒரு பக்கம், மேஜர் ஒரு பக்கம். அண்ணன் பக்கவாட்டில் மண்டியிட்டு, டயரின் வால்வைத் திறந்துவிட்டார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. அது முழுக்க இறங்குகிறவரை அண்ணன் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை.

"காத்து இருக்கறப்ப வெளி நட்டைக் கழட்டினா, பாதிச் சக்கரம் பிச்சுக்கிட்டு வரும்" என்றார் அண்ணன். "தொடாதேன்னு சொல்றதுக்குத்தான் அந்தச் சிவப்பு."

அண்ணன் எழுந்திருக்காமலே பேசினார்.

"என்கூட ஓட்டினவன் ஒருத்தன். எங்க வண்டியிலயும் சிவப்பு அழிஞ்சு போய், சேறு அப்பிக் கெடந்துச்சு. அவசரத்துல மாத்திக் கழட்டிட்டான். நான் பத்தடி தள்ளி ரெண்டு கையிலயும் டீ வெச்சுக்கிட்டு வந்துட்டிருந்தேன். ஒண்ணு அவனுக்கு. தட்டு நேரா மூஞ்சியில அடிச்சுது. ஓடிப்போய்ப் பாத்தேன், மூஞ்சியே இல்ல. அன்னைக்கு சாயங்காலமே என் கையில பெயின்ட் டப்பாவைக் குடுத்துட்டாங்க. நாப்பது வண்டிக்கும் நான்தான் சிவப்பு அடிச்சேன்."

என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மாடிக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிடவும் இறங்கி வரவில்லை.

என் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து இவரைத் திட்டித் தீர்த்தேன். சாயங்காலம் இவர் தானே போய்ச் சிவப்பு பெயின்ட் வாங்கி வந்து, நான்கு சக்கரத்திலும் வெளிவட்டத்தை அடித்து முடித்தார். மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். என் அவசரம்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்தார். கண்ணாடியை விட்டார், எடுத்தார், குறித்துக்கொண்டார். சக்கரத்துக்கு வந்ததும் புருவம் ஏறியது. "மேஜர், என்ன இது, சிவப்பு? புத்தகத்துல இல்லையே. மூணு மார்க் போயிடுமே."

இவர் தொப்பியைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார்.

"போகட்டும் டாக்டர். இந்தச் சிவப்பை மட்டும் என்னால அழிக்க முடியாது. நம்ம பையன் ஒருத்தன் இதுலதான் போனான். காத்தோட கழட்டிட்டான். ரெண்டு டீ வாங்கிட்டு வர்ற நேரம்..." குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, சொல்லச் சொல்ல இவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அண்ணன் மாடிப்படியின் கடைசிப் படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலையைத் தூக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த மனுஷன் வாயைத் திறக்காமல் வைத்திருந்ததை, இவர் ஒரே ராத்திரியில் திருடி மூன்று மார்க்குக்கு விற்கிறார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கதையை எடுத்துச் சொல்லி மானத்தை வாங்கிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் பல் டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "அந்தப் பையன் பேரு என்ன?" என்றார்.

இவர் விழித்தார். "அது... அவன் வந்து..." என்று இழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

விசேஷ வீடுகளில் யார் பெயராவது மறந்துபோனால் இவர் அப்படித்தான் என்னைப் பார்ப்பார். நான் காதோடு சொல்லிவிடுவேன். ஊர் உலகத்துப் பெயரெல்லாம் எனக்கு அத்துப்படி. இந்தப் பெயர் எனக்குத் தெரியவில்லை. இவரை அத்தனை திட்டுத் திட்டிய வாய், மாடிக்கு ஏறிப்போய் அண்ணனிடம் அதைக் கேட்கவில்லை.

"சீப்பு" என்றார் அண்ணன், படியிலிருந்தே. "அப்படித்தான் கூப்பிடுவோம். சட்டைப்பையில எப்பவும் சீப்பு வெச்சிருப்பான். வண்டியை நிறுத்தினா மொத வேலை, கண்ணாடியில தலை சீவறது."

பல் டாக்டர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டூல் மேலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"உக்காருங்க. உக்காந்து சொல்லுங்க" என்றார்.

ஆறு வருஷமாக அண்ணன் எங்களோடு இருக்கிறார். அந்த வார்த்தையை அவரிடம் முதன்முதலாகச் சொன்னது ஒரு பல் டாக்டர்.