கடைசி ஆட்டத்தில் மூடிய முகம்

என் அண்ணன் நார்ம் க்ரூபாவுக்கு வாய் நீளம். செப்டம்பரில் அந்த வாயை டொலீடோ ஊரே தாங்கவில்லை. காரணம் இருந்தது. அவன் மகன் காலின், எங்கள் ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியான மஸ்கீஸுக்கே உதைக்காரனாக வந்து சேர்ந்திருந்தான். மற்றவர்கள் ஆட்டம் முழுக்க மோதி விழுந்து எலும்பை முறித்துக்கொள்வார்கள். இவன் சுத்தமான சட்டையோடு வந்து, இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துவிட்டுப் போவான். உள்ளே போனால் சாமி, வெளியே போனால் சனியன்.

ஆட்டத்துக்கு முன் வண்டிகள் நிற்கும் மைதானத்தில் நான் சாசேஜ் சுடுவேன். நார்ம் முதுகில் ‘க்ரூபா’ என்று போட்ட ஜாக்கெட்டும் கையில் பீருமாக, போகிறவர் வருகிறவரை எல்லாம் மறிப்பான்.

“உதைக்கிறது யாருன்னு தெரியுமா? என் புள்ள! அப்படியே என் காலு!”

“உன் காலு பீர் பெட்டியைத் தாண்டினதே இல்லையேய்யா,” என்பான் பக்கத்து வண்டிக்காரன் பட்ச்.

முதல் ஆட்டம் தோற்றோம். இரண்டாவதும் தோற்றோம். எல்லாம் படுதோல்வி என்பதால் உதைக்காரனை யாரும் கவனிக்கவில்லை. அக்டோபரில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றபோதுதான் வினை வந்தது. கடைசியாகக் காலின் உதைத்த பந்து கம்பத்தில் இடித்து வெளியே விழுந்தது. அடுத்த வாரம் பந்து கம்பத்தின் பக்கம்கூடப் போகவில்லை.

“நார்ம், அப்படியே உன் காலுன்னு சொன்னியே,” என்றான் பட்ச். “நாங்கதான் நம்பல.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நார்ம் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான். அடுத்த ஆட்டத்துக்கு ஜாக்கெட்டை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்தான். ‘என் புள்ள’ தேய்ந்து ‘அவன்’ ஆனான். நவம்பரில் வான்கோழிப் பண்டிகை வருவதற்குள் ‘அந்த உதைக்காரன்’ ஆகிவிட்டான். பண்டிகையன்று காலின் என் வீட்டுக்கு ஃபோன் செய்தான்.

“அப்பா அங்க இருக்காரா அத்தை?”

நார்ம் எதிரே உட்கார்ந்து வான்கோழிக் காலைக் கடித்துக்கொண்டே, இல்லையென்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினான். நானும் சொல்லித் தொலைத்தேன்.

அணி மானத்தை வாங்கினால் மளிகைக் கடைக் காகிதப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு ஆட்டம் பார்ப்பது எங்கள் வழக்கம். நார்முக்கு அது மட்டும் ஆகவே ஆகாது. ‘மூஞ்சியைக் காட்டத் துப்பில்லாதவன் வீட்டுல கிடக்க வேண்டியதுதானே’ என்று எத்தனையோ வருடம் திட்டியிருக்கிறான். ஒரு வெற்றிகூட இல்லாமல் பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. பனி கொட்டிய அந்த மத்தியானம், நான் பன் வாங்கி வந்த பையை எடுத்து, பன்களை மேசையில் கொட்டிவிட்டு, என் கத்தியாலேயே ஓட்டை போட்டான்.

“வேணாம் நார்ம். நாம உட்காரப்போறது ஆட்டக்காரங்க குடும்பத்து சீட்டு. காலின் குடுத்தது.”

“அதான் பயமே. டிவிக்காரன் அங்கதான் கேமராவைத் திருப்புவான். இவன்தான் அப்பன்னு ஊரே பார்க்கும்.”

“பார்த்தா என்ன? நீதானே அப்பன்?”

அவன் பையை மாட்டிக்கொண்டான். அவனோடு நடக்கவே எனக்குக் கூசியது.

ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். காலின் உதைப்பது உள்ளே போனால் மூன்று புள்ளி. மைதானத்துக்குள் வந்தவன் எங்கள் பக்கம் திரும்பினான். பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்திலிருந்தே அப்படித்தான். உதைக்கும் முன் அப்பாவைப் பார்ப்பான். பந்து உள்ளே போய்விட்டது என்று நடுவர் காட்டுவதுபோல நார்ம் இரண்டு கையையும் உயர்த்துவான். அதைப் பார்த்த பிறகுதான் உதைப்பான். அக்டோபருக்குப் பிறகு நார்ம் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அன்றைக்கு எடுத்தான். பழகிய கை, தானாக எழுந்துவிட்டது. சுற்றிலும் எத்தனையோ பைத் தலைகள். கையை உயர்த்தி நின்றது இந்த ஒரு தலைதான். காலின் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். நார்ம் சட்டென்று கையை இறக்கினான்.

காலின் திரும்பிப் போய் உதைத்தான். பந்து கம்பங்களுக்கு நட்டநடுவே போனது.

அரங்கமே பைகளைக் கிழித்து வீசியது. “க்ரூபா! க்ரூபா!” என்று எங்கள் பெயரைக் கத்தினார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நார்ம் பையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“கழட்டித் தொலையேன்!”

“இப்ப எப்படிக் கழட்டுறது டோரீன்? ஜெயிச்சதும் மூஞ்சியைக் காட்டினா அவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?”

அதற்குள் காலின் கட்டிப்பிடித்தவர்களை விலக்கிக்கொண்டு, உதைத்த பந்தோடு எங்கள் முன்னால் இருந்த தடுப்புக்கு வந்துவிட்டான். அந்த இரண்டு ஓட்டைகளையும் நேராகப் பார்த்தான்.

“சார்,” என்றான். “எங்கப்பா இந்த சீட்டுலதான் உட்காருவார். வந்தா இதை அவர்கிட்ட குடுத்துடுங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நார்மும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பான். அந்தக் குரலில் கோபமே இல்லை. நார்ம் இரண்டு கையையும் நீட்டிப் பந்தை வாங்கிக்கொண்டான்.

“வரேன் அத்தை,” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காலின் போனான்.

வெளியே போகும் கூட்டத்தில் அண்ணனின் கையைப் பிடித்து நடத்திப் போனேன். முன்பின் தெரியாத ஒருவன் அவன் முதுகில் தட்டினான்.

“யோவ், ஜெயிச்சாச்சுய்யா! கழட்டு! ஆமா, க்ரூபா உன்கிட்ட பந்தைக் குடுத்தானே, உனக்கு அவனைத் தெரியுமா?”

நார்ம் நின்றான். பைக்குள்ளிருந்தே சொன்னான்.

“என் புள்ள.”

அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். “போய்யா! அவனைப் பெத்தவன் இன்னிக்கு மூஞ்சியை மூடிக்கிட்டா உட்கார்ந்திருப்பான்?”