முத்தி செய்யாத வீடு

கிறிஸ்துமஸ் அன்று காலையில் இன்னாசிமேரிக்கு வந்தது சாதாரணக் கோபமில்லை. அடுப்பில் தளதளத்துக்கொண்டிருந்த பானைகூட அவளைப் பார்த்து அடங்கிப்போகும் போலிருந்தது.

வரதராசன்பேட்டைக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சிற்றூரில் கார்த்திகை மழையோடு காலரா புகுந்திருந்தது. மேலத் தெருவில் பாதி வீடுகளில் சாவு. நடுச்சாமப் பூசை கிடையாது, அவரவர் வீட்டிலேயே செபம் சொல்லிப் பாலன் பிறப்பைக் கொண்டாடுங்கள் என்று பங்குச் சாமியார் சொல்லியனுப்பிவிட்டார். அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் அவள் கணவன் ஞானமுத்து. பள்ளிக்கூட வாத்தியார், சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அவளும் ஒரு குறையும் வைக்கவில்லை. சுவரிலிருந்த மாடத்தில் வைக்கோல் பரப்பிக் குடில் கட்டினாள். கிடைத்த வெல்லத்தில் அதிரசம் சுட்டாள். வெளியாள் யாரையும் வாசற்படி தாண்ட விடவில்லை.

அப்பாடா என்று உட்கார்ந்தபோதுதான் தெருவில் கைமணிச் சத்தம் கேட்டது.

கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் ஆரோக்கியசெல்வம் வந்துகொண்டிருந்தார். ஞானமுத்துவின் கூடப்பிறந்த அண்ணன். கையில் பட்டு விரித்த தட்டு. அதில் கோயிலிலிருந்த பாலன் இயேசுவின் சுரூபம். சனம் கோயிலுக்கு வர முடியாவிட்டால் பாலன் சனத்திடம் வரட்டும் என்று அவராகவே புறப்பட்டுவிட்டார். வாசலுக்கு வாசல் நின்றார். வீட்டிலுள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து பாலனின் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்தார்கள். ஒருவர் நகர்ந்ததும் தோளில் கிடந்த துண்டால் பாதத்தைத் துடைத்து அடுத்தவரிடம் நீட்டினார். எல்லோருக்கும் அதே துண்டு.

"எங்கேர்ந்து வராரு உங்க அண்ணன்?" ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள் இன்னாசிமேரி.

"மேலத் தெருவுலேர்ந்து. படுத்துக் கெடக்கறவங்களுக்கு மொதல்ல ஆறுதல்னு அங்கதான் போனாராம்."

"நல்லாருக்கு! பேதி கண்ட வாயில வச்சதை எம்புள்ள வாயிலயும் வைக்கவா? வேணாம்னு சொல்லுங்க."

"சாமிய வேணாம்னு எப்படிடீ சொல்றது?"

"சாமிய யாரு வேணாம்னா? ஊருக்கெல்லாம் பாடம் நடத்துனீங்களே, சொந்த அண்ணன் முன்னாடி மட்டும் நாக்கு ஒட்டிக்கிச்சா, வாத்தியாரே?"

"மெதுவா பேசு. கேட்டுரப்போவுது."

"கேக்கட்டும்."

இடுப்பிலிருந்த பாப்பாவுக்குப் பல் முளைக்கும் பருவம். கண்டதையெல்லாம் வாயில் வைக்கும். இதற்கு முன் பிறந்த மகனை இதே பேதிதான் கொண்டுபோனது. குழியில் மண் தள்ளியபின் "தேவசித்தம்" என்று சொல்லிவிட்டுப் போனவர் இதே மூத்தார்தான்.

மணி அவர்கள் வாசலில் வந்து நின்றது.

"தம்பி, பாப்பாவக் கொண்டா" என்றார் உபதேசியார். வெயிலில் அலைந்து களைத்த முகம். அதில் துளிக் கள்ளமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம்.

ஞானமுத்து குழந்தைக்காகக் கையை நீட்டினான்.

அவ்வளவுதான். "புள்ளையப் புடிங்க. இந்த எடத்த விட்டு அசைஞ்சீங்க, தெரியும்!" என்று பாப்பாவை அவன் கையில் திணித்தாள். கல்யாணமான நாளிலிருந்து மூத்தாருக்குக் கதவுக்குப் பின்னாலிருந்தே பதில் சொன்னவள், நேரே வாசலுக்கு வந்தாள். தட்டிலிருந்த பாலனை இரண்டு கைகளாலும் தூக்கினாள். முத்தி செய்யப் போகிறாள் என்று தெருவே நினைத்தது. அவளோ திரும்பி உள்ளே நடந்து, மாடத்துக் குடிலின் வைக்கோலில் பாலனைப் படுக்கவைத்தாள்.

"என்னம்மா இது?"

"மாமா, ஊரையே வூட்டுல இருக்கச் சொல்லிட்டு, பச்சப்புள்ளைய மட்டும் பேதி வந்த வூடு வூடாத் தூக்கிட்டு அலையறீங்களே! மாதா பாத்தா உங்க கையில குடுத்திருப்பாங்களா? நோவு அடங்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"சாமியவே புடுங்கிட்டாப்பா!" என்று எதிர்வீட்டுத் தர்மராஜ் கூவினான். "வாத்தியாரே, பொண்டாட்டிய அடக்குங்க!"

உபதேசியாரின் முகம் கறுத்தது. "ஞானமுத்து, போய் எடுத்துட்டு வாடா. இல்லேன்னா இந்த வாசல்ல இனிமே கால் வைக்க மாட்டேன்."

"எடுத்துக் குடுங்க" என்றாள் இன்னாசிமேரி. "குடுத்துட்டு அவரோடயே நீங்களும் போயிடுங்க."

ஞானமுத்து அண்ணனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நெஞ்சில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்தான். பாப்பா அவன் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது.

அவன் வாசற்படியில் குறுக்கே வந்து நின்றான்.

"நீங்க போங்கண்ணே. போனதும் அந்தத் துண்டக் கொளுத்திடுங்க."

உபதேசியார் வெறும் தட்டோடு திரும்பி நடந்தார். மீதித் தெருவில் மணி அடிக்கவில்லை.

கதவைச் சாத்தி, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, இருவரும் குடில் முன் முழங்காலிட்டார்கள். மாதாவுக்கான மங்கள வார்த்தைச் செபத்தின் முதல் பாதியை ஞானமுத்து சொன்னான். மறுபாதி அவளுடையது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் மறுபடியும் முதல் பாதியைச் சொன்னான்.

"சொல்லேன், மேரி."

"அவரு நம்ம தெருவுல நுழையறப்பவே நீங்க சொல்லியிருக்கணும், அந்தப் 'போங்கண்ணே'ங்கற வார்த்தைய" என்றாள். அண்டை அயல் வீடுகளில் எத்தனை குழந்தைகள் வாய் வைத்துவிட்டனவோ!

பிறகு மறுபாதியைச் சொன்னாள், மாதாவோடும் சண்டை போடுகிறவள் மாதிரி.