வாத்தின் கழுத்து வரை

பதினேழு மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சித்தப்பாவின் பிக்கப் இருபத்து நான்கு மெத்தைகளோடு மலையேற வேண்டும். மேலே ஒரு விடுதிப் பள்ளி. சாயங்காலம் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கட்டில்கள் முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. மெத்தைகள் மட்டும் எங்கள் கூடத்தில் கூரையைத் தொட நின்றன. மூன்று நாட்களாக நாங்கள் பக்கவாட்டில் நடந்துதான் சமையலறைக்குப் போய் வந்தோம்.

மெத்தை செய்வது சித்தப்பா. உறை தைப்பது சித்தி. வேதியியல் பட்டம் வாங்கி ஏழு மாதமாக அவர்கள் வீட்டில் தங்கி வேலை தேடுவது நான்.

வண்டிதான் முரண்டு பிடித்தது. அது ஆட்டோமேட்டிக். சித்தப்பாவின் இடது முழங்கால் க்ளட்ச் மிதிக்க மறுத்த வருடம் வாங்கியது. கொஞ்ச நாளாக ஏற்றத்தில் கியர் மாறும்போது, யாரோ பின்னந்தலையில் தட்டியதுபோல ஒரு குலுக்கல். கியர் ஆயிலை மாற்றினால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் என்பவர் சித்தப்பாவின் நண்பர், மெக்கானிக். நேரில் பார்க்காமல் போனிலேயே வண்டிக்கு நோய் சொல்லுவதால் அந்தப் பெயர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியூரில் சம்பந்தி வீட்டில் மாட்டிக்கொண்டதால், சித்தப்பாவே வண்டிக்கு அடியில் படுத்தார்.

“விஞ்ஞானி, நோட்டு எடுத்துட்டியா?”

“ம்.”

“பேனா?”

“ம்.”

“வாயை எடுத்துட்டு வந்தியா, உள்ளேயே வச்சுட்டியா?”

வாயைக் கொண்டுவந்திருப்பதற்கு அடையாளமாக இன்னொரு முறை “ம்” என்றேன். அவர் என்னை விஞ்ஞானி என்பது கேலிக்கு அல்ல. அதுதான் கஷ்டம். மெத்தை வாங்க வருகிறவர்களிடமெல்லாம், “அண்ணன் பொண்ணு. கெமிஸ்ட்ரி. ஒரு சொட்டு பிசகாது” என்று என்னைக் காட்டுவார். நான் மெத்தைகளுக்குப் பின்னால் போய்விடுவேன்.

என்ஜின் ஆயிலுக்கு அளவு பார்க்க ஒரு கம்பி உண்டு. இந்தக் கியர்பாக்ஸுக்கு அப்படி ஒரு கம்பியே கிடையாது. எனவே சித்தப்பாவிடம் ஒரே ஒரு விதி இருந்தது.

“வந்தது எவ்வளவோ, அதுதான் போகணும். கூடினா நுரைக்கும். குறைஞ்சா கருகும். புரியுதா? இந்தத் தொட்டியில ஒரு சொட்டு சிந்தினா நாம குருடன் மாதிரிதான் ஊத்தணும்.”

தொட்டி என்றது குழந்தையைக் குளிப்பாட்டும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டி. உள்பக்கம் சுற்றிலும் வாத்துகள் அச்சடித்திருக்கும். இருபத்து மூன்று வருடம் முன்பு நான் அதில்தான் குளித்தேனாம்.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வந்திருந்தோம். சித்தப்பா கியர்பாக்ஸ் அடித்தட்டின் போல்ட்டுகளை ஒரு மூலையிலிருந்து தளர்த்தினார். செங்கல்லைக் கரைத்த நிறத்தில் ஆயில் வழிந்து, வாத்துகளின் காலை நனைத்து, வயிற்றை மூடி, கழுத்தில் வந்து நின்றது. தட்டுக்குள் ஒரு காந்தம் இருந்தது. அதில் சாம்பல் நிற இரும்புத்தூள் மெல்லிய மீசைபோல ஒட்டியிருந்தது. சித்தப்பா உடனே போன் போட்டார்.

“மீசை எவ்வளவுடா?” என்றார் டாக்டர்.

“பத்தாங்கிளாஸ் பையன் மீசை.”

“அப்போ பயமில்ல. தேய்மானம்தான். துடைச்சுப் போடு.”

சித்தப்பா துடைத்தார். புது ஃபில்டரை மாட்டினார். தட்டைத் திரும்ப ஏற்றி முறுக்கினார். கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “சாப்பிட்டு வந்து லிட்டர் குவளையால அளந்துடலாம். அதுவரைக்கும் நீ காவல். காக்கா வந்தாக்கூட விடாதே.”

காக்கா வரவில்லை. வந்தது என் படிப்பு.

திரவத்தின் அளவைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். மேலிருந்து பார்த்தால் பிழை வரும். வாத்தின் கழுத்தா, தாடையா என்று நோட்டில் சரியாக எழுத வேண்டும் என்பதற்காகத் தரையில் குப்புறப் படுத்தேன். கண்ணை ஆயிலுக்கு நேராகக் கொண்டுபோனேன். கழுத்துதான். எழுதுவதற்காக முழங்கையை ஊன்றினேன். ஊன்றிய இடம் தொட்டியின் விளிம்பு.

சத்தமே இல்லை. ஆயில் ரொம்ப அடக்கமாக வெளியே நடந்துபோனது. நான் தொட்டியைப் பிடித்து நிமிர்த்தியபோது வாத்துகள் காலளவு ஆயிலில் நின்று என்னைப் பார்த்தன.

ஒரு குரல் கொடுத்திருக்கலாம். “சித்தப்பா, கொட்டிடுச்சு. ஆனா கழுத்து வரைக்கும் இருந்துச்சு” என்றால் முடிந்தது. மொத்தம் ஆறு வார்த்தை. ஆனால் எனக்கு ஆறு வார்த்தை என்பது ஒரு மேடைப் பேச்சு. கல்லூரியில் ஒருமுறை குழாய் உடைந்தபோது இரண்டு மணி நேரம் விரலால் அடைத்துக்கொண்டு நின்றவள் நான்.

சித்தப்பா மெத்தை செய்யும் கொட்டகையில் பஞ்சு இருந்தது. தரையை ஒற்றி எடுத்து ஒரு சாக்கில் அடைத்தேன். பிறகு, வாத்துகளின் கழுத்தை மறுபடி மூட வேண்டும். கொட்டகை மூலையில் ஒரு டின்னில் பழைய என்ஜின் ஆயில் அரை லிட்டர். ஊற்றினேன். வயிறு வரைதான் வந்தது. சமையலறைக்குப் போனேன். சித்தப்பா முகத்தைத் தட்டுக்குள் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தி உள்ளறையில் தையல் மெஷினைத் தடதடக்க விட்டிருந்தார். சமையல் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து ஊற்றினேன். ஒன்றரை லிட்டர் போனதும் கழுத்து. மிகச் சரியாகக் கழுத்து.

நிறம்தான் சாக்கடை.

சிவப்பு வேண்டும். பேனா மை எண்ணெயில் கரையாது. பீட்ரூட்டும் கரையாது. மிளகாயின் சிவப்பு எண்ணெயில் மட்டும்தான் கரையும். மூன்று வருடம் படித்ததில் ஒரு வேலைக்கு நான் பயன்படுத்திய முதல் உண்மை அது. ஆயிலில் இன்னும் சூடு இருந்தது. ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டுக் கலக்கினேன். போதவில்லை. இன்னொரு ஸ்பூன். செங்கல் நிறம் வந்துவிட்டது. எனக்கு நான்கு நாளாக ஜலதோஷம். அதனால் வாசனை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

சித்தப்பா ஏப்பம் விட்டபடி வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“கழுத்து. அப்படியே இருக்கு. இதுக்குத்தான் படிச்ச பிள்ளை வேணும்கிறது.”

நான் ஜாக்கியைப் பார்த்தேன்.

“மோந்து பாக்கணும்னு டாக்டர் சொன்னான். கருகின வாசனை வந்தா உள்ளே கியர் மாத்துற க்ளட்ச் தட்டு போச்சுன்னு அர்த்தம்.” முட்டி போட்டு, மூக்கை வாத்துகளுக்கு நடுவே இறக்கி, பூ முகர்வதுபோல ஆழமாக இழுத்தார்.

பதினோரு தும்மல். நான் எண்ணினேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசித் தும்மலுக்கு அடுத்த தெரு நாய் குரைத்தது.

சித்தப்பா விரலை ஆயிலில் விட்டு, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். நெறுநெறுத்தது. முகம் மாறியது. வழிந்த கண்ணீரைத் துடைக்க அதே விரலைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். “சித்தப்பா” என்று சொல்ல வாயைத் திறந்தேன். விரல் முந்திக்கொண்டது.

“ஐயோ! எரியுது! கண்ணு போச்சு! போனைப் போடு! டாக்டருக்குப் போடு!”

“எந்த டாக்டர்?” என்றேன்.

“வண்டி டாக்டர்!”

போட்டேன். என் போனை ஸ்பீக்கரில் வைத்தேன். சித்தப்பா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“டேய், மோந்தா தும்மல் வருது. தொட்டா எரியுது.”

“எரியுதா? முப்பது வருஷத்துல நான் கேட்டதே இல்லயே. அடியில தூள் இருக்கா?”

“இருக்குடா. சிவப்பா, நைசா.”

மறுமுனையில் யாரோ டாக்டருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்பது கேட்டது.

“மச்சான், மனசைத் திடப்படுத்திக்கோ. உள்ளே க்ளட்ச் தட்டு அரைஞ்சு மாவாயிருக்கு. ஆயில் ஆசிடாயிடுச்சு. கியர்பாக்ஸ் போச்சு.”

“மீசை கொஞ்சம்தான்னு நீதானேடா சொன்னே!”

“அது சாப்பாட்டுக்கு முன்னாடி.”

“அப்போ நான் சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள செத்துருச்சா?”

“சில வண்டி அப்படித்தான். சொல்லாமப் போயிடும்.”

அப்போது சித்தி வாசலில் வந்து நின்றார். கையில் கிட்டத்தட்டக் காலியான எண்ணெய் பாட்டில்.

“ஏங்க, நேத்து பிரிச்ச எண்ணெய். இன்னிக்கு அடியில ரெண்டு விரக்கடைதான் இருக்கு. என்ன பொரிச்சுத் தின்னீங்க?”

“நான் இங்க கண்ணு போய் உட்கார்ந்திருக்கேன், நீ வேற!”

“கொழுப்பு ஜாஸ்தின்னு நிஜ டாக்டர் சொல்லி ரெண்டு வாரம் ஆகல. ஒன்றரை லிட்டர்ங்க! அப்படியே குடிச்சீங்களா?”

“வீட்ல சண்டையா? நான் அப்புறம் வரட்டுமா?” என்றது போன்.

“நீ இருடா! இப்போ என்ன பண்ணணும், அதைச் சொல்லு.”

“ஏத்தாதே. மலையில பாதி வழியில நின்னா வண்டியும் போச்சு, மெத்தையும் போச்சு. ஸ்கூலுக்கு வரலேன்னு சொல்லிடு. நாளைக்கு நான் வந்து கியர்பாக்ஸை இறக்கறேன்.”

சித்தி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஈரத்துணி கொண்டுவந்து சித்தப்பாவின் கண்ணில் போட்டார். கோபம் அப்படியே இருந்தது; துணியை மட்டும் மெதுவாகத்தான் வைத்தார். சித்தப்பா தலையைச் சக்கரத்தில் சாய்த்து, தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்து அதைத் தட்டிக்கொடுத்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ,” என்றார். வண்டியிடம்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது.

பிறகு தன் போனை நீட்டி, பள்ளிக்குப் போடச் சொன்னார். விடுதி மேற்பார்வையாளர் எடுத்தார்.

“சார், மெத்தை விஷயமா… நாளைக்கு ஒரு சின்ன சிரமம் சார்.”

“என்னங்க சிரமம்? அறுபது பிள்ளைங்க வருது. இருபத்து நாலு கட்டில் வெறுமனே கிடக்கு. பலகையிலயா படுப்பாங்க?”

“ஒரு நிமிஷம் சார்,” என்று சித்தப்பா போனை நெஞ்சில் அழுத்திக்கொண்டார். அடுத்து என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. நான் நோட்டைத் திறந்தேன். வாய்க்கு வராதது கைக்கு வரும். நோக்கம், செய்முறை, அளவுகள், முடிவு என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். கீழே கோடும் போட்டேன். கிழித்து, மடித்து, சித்தப்பாவின் கையில் வைத்துவிட்டு மெத்தைகளுக்குப் பின்னால் ஓடிவிடுவதாகத் திட்டம்.

கையில் வைத்தேன். அவர் தாளைத் தடவிப் பார்த்தார்.

“என்ன இது? விஞ்ஞானியா? கணக்குப் பாத்துட்டியா? வழி ஏதாவது இருக்கா?”

“ம்.”

“எனக்குக் கண்ணு தெரியலம்மா. நீயே படி.”

சித்தியை நோக்கித் தாளை நீட்டினேன். “எனக்குக் கண்ணாடி உள்ளே இருக்கு. படிடீ,” என்றார்.

என் போனில் டாக்டர் இன்னும் அழைப்பில்தான் இருந்தார். “சத்தமாப் படிம்மா,” என்றார். நெஞ்சில் அழுத்திய போனிலிருந்து மேற்பார்வையாளர், “ஹலோ, ஹலோ, எதையாவது சொல்லுங்க,” என்றார்.

தாளைக் கண்மட்டத்தில் பிடித்தேன். முதலில் காற்றுதான் வந்தது. நோக்கத்தையும் செய்முறையையும் விட்டுவிட்டு நேராகக் கடைசி வரிக்குப் போனேன்.

“கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் இல்ல சித்தப்பா. அது நம்ம வீட்டு மிளகாய்த்தூள். ரெண்டு ஸ்பூன். நான்தான் போட்டேன்.”