மூன்றாவது புள்ளி

“எண்பத்தேழு,” என்று நாத்தனார் உரக்கப் படித்தாள். “போன வாரத்துக்கு அரைக் கிலோ கூட. என்ன அண்ணி, ராத்திரி எழுந்து திருடித் தின்னீங்களா?”

எடை குறைக்கும் வகுப்பின் வரிசையில் நின்ற பன்னிரண்டு பெண்களும் சிரித்தார்கள். அவர்களுக்கெல்லாம் அந்த வாரமும் ஆளுக்கொரு கிலோ குறைந்திருந்தது. தராசின் மேல் நின்றவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சுவரில் நாத்தனாரின் ஆளுயரப் படம் ஒட்டியிருந்தது: தொண்ணூற்றிரண்டிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இளைத்த கதை. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘பத்தே வாரத்தில் பத்துக் கிலோ’.

திருடித் தின்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். காலையில் ஒரு முட்டை, மதியம் உப்பில்லாமல் அவித்த காய், சாயங்காலம் பால் சேர்க்காத டீ, ராத்திரி ஒரு கிண்ணம் சூப். எட்டு வாரமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கிடந்தாள். புருஷன் டிவி முன்னால் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் போதும், சமையலறையில் நிற்கிறவளுக்கு வாயில் எச்சில் ஊறும், அடுத்த நிமிஷம் கண்ணில் தண்ணீர் வரும்.

நாற்பத்தொன்பது வயதில் உடம்பு தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்திருந்தது. மாதக் கணக்கு தவறியது. திடீர் திடீரென்று கழுத்தில் அனல் அடித்தது. இடுப்பில் சதை கூடாரம் போட்டது. சாப்பிட்டுக் கை கழுவிய ஒரு மணி நேரத்தில் நாலு நாள் பட்டினி கிடந்தவள் மாதிரிப் பசித்தது. சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன மறுநாளே, புருஷனின் தங்கை வீடு தேடி வந்தாள். “நம்ம கிளாஸ் இருக்கும்போது கவலை எதுக்கு அண்ணி? வீட்டு ஆளு, சும்மாவே வாங்க.”

சும்மா கூப்பிட்டதன் காரணம் போகப் போகத்தான் தெரிந்தது. மற்றவர்கள் சோர்ந்துபோகும் நேரத்தில் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. ‘கட்டுப்பாடு இல்லேன்னா இப்படித்தான்’ என்று சொல்ல ஒரு ஆள். இரண்டாவது வாரமே பெயரும் வைத்தாகிவிட்டது: பீரோ. “பீரோ அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்.” வீட்டில் சொன்னால் புருஷன் தலையைக்கூடத் தூக்கமாட்டான். “அவ உன் நல்லதுக்குத்தானே சொல்றா?”

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அவள் தராசுக்காரி. தராசு பழுது பார்க்கிற கடையில் பதினெட்டு வருஷ வேலை. மருந்துக்கடை, தபால் ஆபீஸ், இரும்புக்கடை என்று எங்கே முள் தவறினாலும் பையைத் தூக்கிக்கொண்டு அவள்தான் போவாள். எடைக்கல்லை வைத்துச் சோதித்து, முள்ளை நகர்த்தும் திருகைச் சரியான இடத்தில் நிறுத்தி, பிறகு யாரும் திருப்ப முடியாதபடி கம்பி கோத்து, ஈய முத்திரை அழுத்திவிட்டு வருவாள். நாத்தனாரின் வட்ட முகத் தராசுக்கும் போன வருஷம் அவளே முத்திரை போட்டுக் கொடுத்தாள். அதனால்தான் சந்தேகமே வரவில்லை. தன் முத்திரை பொய் சொல்லாது என்று நம்பி, தன் உடம்புதான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினாள். கடையில் ஏறிப் பார்த்திருக்கலாமே என்றால், அங்கே அப்படி ஒரு வழக்கம் இல்லை. சோதனைத் தராசில் எடைக்கல் மட்டும்தான் ஏறும், ஆள் ஏறினால் அது கெட்டுப்போகும் என்பது முதலாளியின் சட்டம். பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

அந்த எட்டாவது சனிக்கிழமை, அவளை இறக்கிவிட்ட கையோடு நாத்தனாருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே மற்றவர்களைப் பக்கத்து ஹாலுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். போகிற அவசரத்தில் தராசை மூட மறந்துவிட்டாள். ஆள் ஏறிய பிறகுதான் தராசின் முகத்திலிருந்து அந்த ரோஸ் துணியை விலக்குவாள், இறங்குமுன் மூடிவிடுவாள். ஒருத்தர் எடையை இன்னொருத்தர் பார்ப்பது அநாகரிகமாம். பார்த்தால் அநாகரிகம், கத்திப் படித்தால் நாகரிகம்.

குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். காலித் தராசின் முள் எட்டில் நின்றது.

அன்றைக்கு ஒரு மருந்துக்கடை வேலைக்காகப் பையில் பத்துக் கிலோ எடைக்கல் வைத்திருந்தாள். எடுத்து மேடையில் வைத்தாள். பதினெட்டு. கல்லை எடுத்துவிட்டு, பின்பக்கம் போய் மண்டியிட்டுப் பார்த்தாள். ஈய முத்திரையை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். கம்பி மட்டும் மீசை மாதிரித் துருத்திக்கொண்டிருந்தது. திருகு, தினமும் விரல் பட்ட இடம்போலப் பளபளத்தது. அதன் ஓரத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் மூன்று புள்ளிகள்.

கீழ்ப் புள்ளிக்குத் திருப்பினாள். முள் பூஜ்யத்துக்கும் கீழே ஐந்து போனது. நடுப் புள்ளிக்குத் திருப்பினாள். பூஜ்யத்துக்கு மேலே ஐந்தில் நின்றது. சேர்கிற நாளில் ஐந்து கூட்டி, வாரத்துக்கு ஒரு கிலோவாக இறக்கிக்கொண்டே வந்து, கடைசி நாளில் ஐந்து குறைத்துக் காட்டினால் பத்தே வாரத்தில் பத்துக் கிலோ. உடம்புக்கு அதில் வேலையே இல்லை. மேலே இருந்த மூன்றாவது புள்ளிக்குத்தான் எட்டுக் கிலோ. அந்தப் புள்ளி அவளுக்கென்றே வைத்தது. எப்போதும் அவளைக் கடைசியில் ஏற்றியதன் ரகசியம் அப்போதுதான் விளங்கியது.

மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். இன்றைய எண்பத்தேழில் எட்டுப் போனால் எழுபத்தொன்பது. முதல் நாள் எண்பத்தாறில் ஐந்து போனால் எண்பத்தொன்று. இரண்டு கிலோ இளைத்திருக்கிறாள். இளைத்தவளை நிற்கவைத்துத் திருடி என்று சொல்லியிருக்கிறாள் நாத்தனார். அதுவும் அண்ணி போட்ட முத்திரையையே வெட்டிவிட்டு.  

அங்கேயே கத்தியிருக்கலாம். அடுத்த ஹாலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு பேரும் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பன்னிரண்டு பேர் போதவில்லை அவளுக்கு. பத்தாவது வாரம் வகுப்பின் நிறைவு விழா இருந்தது. பெண்களின் புருஷன்மார், சொந்தக்காரர்கள், இரண்டாவது கிளை திறக்கக் கூட்டுச் சேரப்போகிற மருந்துக்கடைக்காரர் என்று நூறு பேர் வருவார்கள். திருகைப் பழையபடி மூன்றாவது புள்ளிக்குத் திருப்பினாள். துணியை இழுத்து மூடினாள்.

ஒன்பதாவது வாரம் எண்பத்தேழரை என்று நாத்தனார் படித்தபோது அவள் சிரித்தாள். “பாத்தீங்களா, பீரோவுக்கு வெக்கமே போச்சு,” என்றாள் நாத்தனார். அன்றைக்கு வெளியே போகும்போது, கூட வகுப்புக்கு வருகிற பள்ளிக்கூட டீச்சர் கண் இருட்டி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது கிலோ குறைந்துவிட்ட சந்தோஷத்தில் ராத்திரிச் சூப்பையும் விட்டிருந்தவள். தராசுக்காரி அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாள். தராசைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே நாத்தனார் வீட்டுக்கு வந்து குழைந்தாள். “அண்ணி, விழாவுக்கு உங்க கடைக்குப் புதுசா வந்திருக்கிற அந்தப் பெரிய எழுத்து ஆள் தராசைக் கொண்டுவாங்களேன். பின்னாடி உக்காந்தவங்களுக்கும் தெரியணும். நம்ம தராசு காட்டுறதோட ஒத்துப்போற மாதிரி கொஞ்சம் பாத்து வெச்சிடுங்க. ஒரு அஞ்சு கம்மியா. குடும்பத்துக்காக.”

“தராசை நான் பாத்துக்கறேன், நீ வந்தவங்களை கவனி,” என்றாள் அண்ணி.

விழா அன்று காலையில் நாத்தனார் பக்கத்து அறையில் பன்னிரண்டு பேரையும் பழைய தராசில் ஏற்றி இறக்கி, அட்டையில் எடையை எழுதிவைத்தாள். பிறகு அதை ரோஸ் துணியோடு உருட்டிக்கொண்டு வந்து மேடை ஓரத்தில் அலங்காரமாக நிறுத்தினாள். நடுவில் பெரிய தராசு. சிவப்பு எண்கள் கடைசி வரிசைக்கும் தெரிந்தன. தராசுக்காரி இருபது கிலோ எடைக்கல் நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். 80.0 என்று எரிந்தது. ஹால் கைதட்டியது. நாத்தனாரும் தட்டினாள். பிறகு கொஞ்சம் யோசித்தவள் மாதிரித் தட்டுவதை நிறுத்தினாள்.

டீச்சர்தான் முதலில் ஏறினாள். “சேரும்போது எழுபத்தெட்டு, இன்னைக்கு அறுபத்தெட்டு,” என்று மைக்கில் சொல்லிக்கொண்டே நாத்தனார் திரும்பினாள். சிவப்பில் 73.1.

“புதுத் தராசு, பழக்கமில்ல,” என்று சிரித்து மழுப்பினாள் நாத்தனார். “அண்ணி, என்னமோ தப்பாக் காட்டுது பாருங்க.”

“இப்பதானே எம்பது கிலோ வெச்சுக் காட்டினேன்? எல்லாரும் பாத்தாங்க. பழசையும் பாத்துடலாம்.” தராசுக்காரி மேடை ஓரத்துக்குப் போய் ரோஸ் துணியை உருவினாள். பழைய தராசின் மேல் யாரும் இல்லை, ஒன்றும் இல்லை. முள் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தில் நின்றது.

“பாத்துக்கோங்க,” என்றாள் அவள் ஹாலைப் பார்த்து. “பத்தே வாரத்துல காத்துகூட இளைச்சிருக்கு.”

பின்வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். முன்வரிசைப் பெண்கள் எழுந்து வந்தார்கள். தராசின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்து, புள்ளி மூன்றையும் தொட்டுக் காட்டி, எது எதற்கு என்று அவள் நிதானமாகச் சொன்னாள். மூன்றாவது எனக்கு மட்டும் என்று சொல்லி, அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டினாள். மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். நாத்தனார் அவள் கையைப் பிடித்து, காதருகில் கெஞ்சினாள். “அண்ணி, வேணாம். குடும்ப மானம்.”

“என் மானத்தை வாராவாரம் கத்திப் படிச்சப்ப அது எந்தக் குடும்பம்?”

முன்வரிசையில் புருஷன் எழுந்து நின்றான். அவள் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டான். அதற்குள் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். “அந்த அம்பத்தெட்டையும் பாத்துடலாம். நீங்க ஏறுங்க.” நாத்தனார் மறுத்துப் பார்த்தாள், அழுது பார்த்தாள், தலைவலி என்றாள். நூறு பேர் காத்திருந்தார்கள். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். தராசுக்காரி கீழே கிடந்த மைக்கை எடுத்தாள். இந்தக் கேள்வியை இரண்டு வாரமாகக் குளியலறையில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

“எழுபத்தொண்ணு புள்ளி நாலு. என்னம்மா, ராத்திரி எழுந்து திருடித் தின்னியா?”

ஹால் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. தேன் குடித்ததுபோல் இருந்தது அவளுக்கு. பத்து வாரம் அவித்த காய் தின்ற நாக்கில் இப்படி ஒரு ருசி. நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு பக்கத்து அறைக்குள் ஓடினாள். போகட்டும், கதவைச் சாத்திக்கொண்டு அழட்டும்.

எடைக்கற்களைப் பெட்டியில் அடுக்கக் குனிந்தபோது எதிரில் இரண்டு கால்கள் நின்றன. டீச்சர். அவள் சிரித்திருக்கவில்லை.

“ஒண்ணு கேக்கறேன். இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டு வாரமா.”

“போன வாரம் நான் படியில மயங்கி உக்காந்தப்ப?”

தராசுக்காரி கையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தாள். “தெரியும்.”

“தண்ணி குடுத்தீங்க,” என்றாள் டீச்சர். “முதுகைத் தடவிவிட்டீங்க. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன்.”

மற்ற பதினொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.  நூறு பேர் வேண்டியிருந்தது என்று எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றினாள். எண்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரிய தராசில் ஏறி நின்றாள். “படிங்க டீச்சர். உரக்கவே படிங்க.”

டீச்சர் மைக்கை எடுத்தாள். 

“எழுபத்தெட்டு புள்ளி ஆறு,” என்றாள். “என்ன அண்ணி, எங்க ரெண்டு வாரத்தைத் திருடித் தின்னீங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.