அமாவாசையில் ஒரு பிறை

என் கலியாணத்தை வானத்தில் கிடக்கும் ஒரு கிரகம் குழப்பும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன்.

1966, தை அமாவாசை. இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை கப்பலில் வேலை. புதன்கிழமை கொழும்பில் ஏறினால் திரும்பி வர இரண்டு வருடம். நாள் வைத்த பிறகுதான் அவர்கள் வீட்டில் யாரோ தங்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு வகை. எங்களுடையது, வெள்ளிக்கிரகம் திங்கட்கிழமைதான் சூரிய ஒளியில் மறையும் என்றது. அவர்களுடையது, வியாழக்கிழமையே மறைந்துவிட்டது என்றது. வெள்ளி மறைந்திருக்கும் நாட்களில் தாலி கட்டுவதில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் தியாகராசா, நாளைத் தள்ளிவைக்கச் சொல்லி எங்கள் ஊர் உடுப்பிட்டிக்கே வந்துவிட்டார். என் அண்ணை கனகரத்தினம் விடவில்லை. தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிற மனிதர். கண்ணாடி வில்லைகள் வாங்கித் தன் கையாலேயே தொலைநோக்கி செய்தவர்.

“மறையேல்லை, மாமா. கண்ணாலை கண்டால் நம்புவியளோ?”

“கண்டால் ஞாயிற்றுக்கிழமை தாலி. காணாட்டில் இல்லை.”

பொழுது பட்டதும் அண்ணை வெங்காயத் தோட்டத்து வரம்பில் தொலைநோக்கியை நிறுத்தினார். மேற்கே வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குழாயை அங்குமிங்கும் திருப்பித் துழாவி, கடைசியில் “பிடிச்சிட்டன்!” என்று துள்ளினார். வேலியோரம் நின்ற எனக்குப் போன உயிர் வந்தது.

மாமா குனிந்தார். உடனே நிமிர்ந்தார்.

“என்னைப் பேயனாக்கிறியோ? உது வெள்ளியில்லை, பிறை! சந்திரனைக் காட்டி ஏமாத்திறாய்!”

“இண்டைக்கு அமாவாசையெல்லோ, மாமா? நீங்களே உங்கடை ஐயாவுக்கு விரதம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். பிறைக்கு நான் எங்கை போறது?”

 மாமா மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தார். அண்ணை உற்சாகத்தில் விளக்கிக்கொண்டே போனார்: வெள்ளியும் நிலவைப் போலத் தேயும், வளரும், இப்போது தேய்ந்து நூலாகிவிட்டது.

நிமிர்ந்தபோது மாமாவின் முகத்தில் கோபமில்லை.

“தம்பி, நீர் பொய் சொல்லேல்லை. மறைஞ்ச வெள்ளியெண்டால் திரும்பி வரும், நாளைத் தள்ளி வைக்கலாம். கலியாணத்துக்குரிய வெள்ளியே தேஞ்சுபோனதை என்ரை ரண்டு கண்ணாலையும் கண்டிட்டன். இனி என்ரை பிள்ளையை இந்த வீட்டு மணவறையிலை இருத்தேலாது. சம்பந்தமே வேண்டாம்.”

“ஒரு மாசத்திலை அது வளர்ந்திடும், மாமா!”

மாமா வேலிப் படலையை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

நான் திகைத்துப்போய் நின்றேன். நாள் தள்ளிப் போகும் என்றுதான் பயந்திருந்தேன். மாப்பிள்ளையே இல்லாமல் போவார் என்று நினைக்கவில்லை. வரம்பில் ஏறி, அண்ணையை ஒதுக்கிவிட்டுக் குனிந்தேன். வெட்டி எறிந்த நகம் போல ஒரு கீற்று. அது அவ்வளவு அழகாக இருந்ததில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“அண்ணை, இது பிறையாய்த்தான் தெரியுமெண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“ஓம். ஒரு கிழமையாய்ப் பாக்கிறன்.”

“பிறகேன் அவருக்கு முதலே சொல்லேல்லை?”

அண்ணை தொலைநோக்கியின் வாயைத் துணியால் மூடினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கண்டவுடனை ஆச்சரியப்படட்டும் எண்டுதான்.”