ஃபாய்க்கு நன்றி சொன்ன தப்பு

காம்பியா ஆற்றுக்குப் பாலம் வராத காலம். ஆற்றையும் அதன் இரு கரையையும் ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டான், சுற்றியிருந்ததைப் பிரெஞ்சுக்காரன் வாரிக்கொண்டான். பாகம் பிரித்த புண்ணியவான்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். செனகலின் தெற்கில் இருக்கும் நாங்கள் சொந்த நாட்டின் வடக்குக்குப் போகவே இன்னொரு நாட்டைத் தாண்டவேண்டும். நல்லா இருங்கடா!

அன்று வாடகைக் காரில், என் மடியில், ஏழு வயது மகள் சிபெத். குடல் முறுக்கிக்கொண்டது, உடனே அறுவை செய்யவேண்டும் என்றார்கள். டாக்டர் இருந்தது வடக்கே, கௌலாக்கில். படகுத்துறையில் எங்களுக்கு முன்னால் அறுபது லாரி. பிள்ளை முனகுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

துறை வாசலில் நின்ற அதிகாரியிடம் ஓடினேன்.

"வரிசையில வா," என்றான், நிமிராமலே.

"கண்ணு அவிஞ்சா போச்சு? எம்புள்ள சாகுதுடா!"

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

"குடும்பப் பேரு என்ன?"

"ஜாத்தா."

"ஜோலாக்காரனா? அட, சோத்து மூட்டை! நான் ஃபாய்டா, செரேர். என் அடிமை நீ, எசமானையா திட்டுற?"

"நீதான்டா என் அடிமை, கம்பங்கூழு!" என்றேன், அழுதுகொண்டே.

அரிசிச் சோறு தின்னும் ஜோலா இனமும் கம்பு தின்னும் செரேர் இனமும் அக்கா தங்கை வயிற்றுப் பிள்ளைகள் என்பது எங்கள் வழக்கு. எப்படியும் திட்டிக்கொள்ளலாம், கோபப்படக் கூடாது. ஒருவன் கேட்டதை மற்றவன் மறுக்கவும் கூடாது. ஃபாய் தடுப்புக் கம்பியைத் தூக்கினான். லாரிகளுக்கு நடுவே தானே ஓடி வழிவிலக்கினான். "என் அடிமையோட புள்ளைடா, ஒதுங்கு!" அடுத்த படகிலேயே ஏறிவிட்டோம்.

சிபெத் பிழைத்தாள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பும்போது அவனைத் தேடிப்பிடித்து, இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டேன். "ஐயா, ரொம்ப நன்றி. நீங்க செஞ்ச உபகாரத்த உயிருள்ள வரைக்கும் மறக்கமாட்டேன்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. கைகளை உருவிக்கொண்டான்.

"ஐயாவா? நீங்களா? நான் என்ன, யாரோ எவனோவா?"

நன்றி சொல்லி அவனை வேற்றாள் ஆக்கிவிட்டேன், மடையன். திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டான். பெற்ற பிள்ளையை மீட்டுத் தந்தவன்! ஊரே கேட்கக் கத்தினேன்.

"டேய் ஃபாய்! எசமான் பொண்ணு வெயில்ல நிக்கிறா, தூக்கிட்டுப் போய்க் கார்ல விடணும்னு தோணலையா, சோம்பேறிக் கழுதை?"

நின்றான். ஓடிவந்தான். சிபெத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "உங்கப்பனுக்குத் திட்டக்கூடத் தெரியலடி, இவ்வளவுதானான்னு கேளு," என்றான்.

இன்னும் எத்தனையோ வசவு வைத்திருந்தேன். அழுகை ஒன்றையும் வெளியே விடவில்லை.