கோப்பி மெசினுக்குப் புதுப் பல்லு

சவூதியிலிருந்து லீவில் வந்த மீராசா, தன்னோடு வேலை செய்கிற ஷரிபுதீன் கொடுத்துவிட்ட பார்சலைக் கொண்டுவந்து வைத்ததும், சபியா உம்மாவுக்குக் கத்தி தேடுகிற அளவுக்குக்கூடப் பொறுமையில்லை. நூலைப் பல்லாலேயே கடித்து அறுத்தார். ஒரு சேலை, ஒரு தைலப் போத்தல், ஒரு பால்மா டின். அதற்கடியில் மெழுகுக் கடதாசியில் சுற்றிய பாரமான சாமான் ஒன்று. நகையாக்கும் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் பிரித்தார். எண்ணெய் பூசின இரண்டு இரும்பு வட்டுகள் மடியில் விழுந்தன.

"இதென்ன கூத்துகா? ஊரு உலகத்துல மாப்பிள்ளைமாரு பொண்டாட்டிக்குக் காப்பு அனுப்புறாங்க. எங்கட மருமகன் பல்லு அனுப்பிரிக்கார்."

மீராசாவுக்குச் சிரிப்பு. "கோப்பி மெசின்ட பல்லு மாமி. இதத் தேடி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பசாரெல்லாம் என்னையும் இழுத்துக்கிட்டுத் திரிஞ்சான். அளவு எங்கடா எண்டு கேட்டா உள்ளங்கையக் காட்டுறான். கைக்குத் தெரியுமாம்."

குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற மகள் றபீக்கா அதைக் கேட்டாள். சேலையை அவள் பிறகுதான் பார்த்தாள். முதலில் எடுத்தது அந்த வட்டுகளைத்தான். ஓரத்தில் விரலை வைத்தால் சுருக்கென்று கடித்தது.

கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வருவார். ஷரிபுதீன் வந்தபோது ஒரு கையில் சூட்கேஸ், தோளில் இந்த மெசின். மௌத்தாகிவிட்ட அவனுடைய உம்மா உயிரோடிருந்தபோது பாவித்தது. மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றுகிற மெசின். 'மாப்பிள்ள இரும்புக்கடையோட வந்திரிக்கார்' என்று பக்கத்துக் குமர்ப்பிள்ளைகள் சிரித்த சிரிப்பு கொஞ்சமா? ஆனால் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து அவன் அந்தக் கைபிடியைச் சுற்றத் தொடங்கினால் வறுத்த கோப்பியும் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் சேர்ந்த வாசம் வளவு தாண்டிப் போகும். சிரித்தவர்களே பிங்கான் கோப்பையோடு வந்து நிற்பார்கள். அவன் சுற்றுவான், றபீக்கா பிடி பிடியாகக் கொட்டையைப் போடுவாள். பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க, அவள் அவனுக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வேலைதானே.

கலியாணம் முடித்த அந்த வருஷமே சூறாவளி வந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. தென்னைகளெல்லாம் படுத்துவிட்டன. மேசையில் பூட்டின மெசின் மட்டும் மழையில் நனைந்தபடி நின்ற இடத்திலேயே நின்றது. கூரை போடுவதற்காக ஷரிபுதீன் சவூதிக்குப் போனான். கூரை வந்துவிட்டது. அவன் வரவில்லை. மெசினின் பல்லில் துரு ஏறியிருந்தது. அதோடு மல்லக்கட்டித்தான் றபீக்கா இத்தனை நாளும் அரைத்துக்கொண்டிருந்தாள்.

சவூதிக்குப் போனவர்கள் அப்போது எழுதுவதைவிடக் கெசட் நாடாவில் கதைத்துப் பதிந்து அனுப்புவதுதான் கூட. இங்கே வீட்டார் எல்லாரும் கூடியிருந்து கேட்பார்கள். பக்கத்து வீட்டாரும் வெற்றிலை வட்டாத் தட்டோடு வந்துவிடுவார்கள். பிறகு எல்லாருமாகப் பதில் கதைத்து அனுப்புவார்கள். அங்கே ஒரு அறைக்குள் எட்டுப் பத்துப் பேர், எல்லாருடைய கெசட்டும் எல்லாருக்கும் கேட்கும். அந்த லட்சணத்தில் ஒரு பெண் தன் மாப்பிள்ளையோடு என்னத்தைக் கதைப்பது? ஷரிபுதீன் மாமிக்கு சலாம் சொல்லி, மச்சான்மாருக்குச் சொல்லி, அண்ணன் முறையான பக்கத்து வீட்டுக் காலிதீன் காக்காவுக்கும் சொல்லி, கடைசியில் "றபீக்கா, சுகமா?" என்பான். அவள் பதிலில் "நான் சுகம். நீங்களும் சுகமா இரிக்கணும்" என்பாள். அவ்வளவுதான்.

ஒரு முறை சபியா உம்மா கதைத்துக்கொண்டிருக்கும்போது, குசினியில் றபீக்கா கோப்பி அரைத்த சத்தமும் கெசட்டில் ஏறிவிட்டது. அடுத்த கெசட்டில் ஷரிபுதீன் எல்லாருக்கும் சலாம் சொல்லி முடித்துவிட்டு, "றபீக்கா, மெசின்ட பல்லு தேஞ்சிட்டு. கீச்சு கீச்செண்டு கேக்குது. ஒனக்குக் கை நோகும்" என்றான். போகுமுன் அவன் அக்கரைப்பற்று அரிசி மில்லில் வேலைக்கு நின்றவன். மெசின் சத்தத்தைக் கேட்டே அதன் வருத்தத்தைச் சொல்வான். சபியா உம்மா பகல் கண்ணயர்ந்த நேரம் றபீக்கா அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள். ஒனக்குக் கை நோகும். ஒனக்குக் கை நோகும்.

அப்படித்தான் இந்தப் பல்லு வந்தது. கூடவே ஒரு கெசட்டும்.

"பழசக் கழத்திட்டு இதப் பூட்டு. முதல்ல ஒரு சுண்டு அரிசி போட்டு அரை, பல்லுல உள்ள எண்ணெ அதோட போயிரும். அந்த மாவ கோழிக்குப் போடு, மனிசருக்குக் குடுத்திராத. மறுகா முன்னால இரிக்கிற திருகாணிய கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு. கூட இறுக்கினா மாவாப் போகும், தளந்தா குறுணியா வரும். அரைக்கிற சத்தத்தப் புடிச்சி அனுப்பு. நான் கேட்டுச் செல்றன்."

காலிதீன் வாயில் வெற்றிலையோடு, "அடேயப்பா, ரேடியோவுல மெசின் திருத்துறான் மனிசன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். றபீக்கா சிரிக்கவில்லை. அவன் அவளோடு அவ்வளவு நேரம் கதைத்தது போனதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அரைத்தாள். பதிந்தாள். அனுப்பினாள். கெசட் போய்ப் பதில் வருவதற்குள் மழைக்காலமே மாறிவிடும். பதில் வந்தது: "இன்னும் தளவாக் கிடக்கு. அரைச் சுத்து இறுக்கு." இறுக்கினாள். அடுத்த பதில்: "இப்ப கிட்டத்தட்ட வந்திட்டு. ஒரு நூலளவு இறுக்கினாப் போதும், மறுகா தொடாத."

ஒரு நூலளவு இறுக்கினாள். கொட்டையைப் போட்டாள். கறகறவென்று ஒரே சீராக ஓடியது, பழைய அசர் நேரத்துச் சத்தம். சுடுதண்ணி ஊற்றினால் மேலே ஒரு பொட்டும் மிதக்கவில்லை. சபியா உம்மா ஒரு மிடறு குடித்து, "இதுதான்கா கோப்பி" என்றார்.

றபீக்கா வெறும் கோப்பையை வாங்கி வைத்தாள். சரியாகிவிட்டது. இனி அவன் என்னத்தைக் கதைப்பான்? "றபீக்கா, சுகமா?" அவ்வளவுதானே.

தண்ணி குடிப்பதென்றாலும் அல்லாவின் பேரால் என்று பிஸ்மில் சொல்கிறவள் அவள். அன்றைக்குத் திருகாணியைப் பிடித்துத் தளர்த்தும்போது மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கோப்பி ஒழுங்காக வந்ததே இல்லை. ஒரு மாதம் குறுணி, ஒரு மாதம் மா. ஷரிபுதீனும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தான். கால் சுற்று, அரைச் சுற்று, பல்லுக்கு நடுவில் மல்லித் தோல் அடைத்திருக்கா பார், கழுவாதே, துணியால் துடை. மெசின் கதை முடிந்ததும் சில வேளை அவன் குரல் கொஞ்சம் நின்று போகும். நாடா மட்டும் ஓடும். அந்தச் சும்மா ஓடுகிற நாடாவையும் அவள் கேட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு கெசட்டில் அவன் சொன்னான்: "மாமி, கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நிக்கச் செல்றாங்க. நீங்க எல்லாரும் என்ன செல்றீங்க?"

றபீக்காவுக்குச் சொல்ல இருந்தது ஒன்றுதான். வாங்க, இனிப் போதும், வாங்க. ஊருக்கும் உம்மாவுக்கும் முன்னால், அங்கே அத்தனை ஆம்பிளைகள் காதில் விழ, இதை எப்படிச் சொல்வது? நன்றாகத் தளர்த்தி வைத்து அரைத்துப் பதிவோம், திருத்த அவரே வரவேணும் என்று அவருக்கு விளங்கும் என்று நினைத்துக்கொண்டாள். மீராசா திரும்பவும் லீவில் வந்திருந்தார். போகும்போது கெசட்டைக் கொண்டுபோவார்.

பதிகிற அன்று காலையில் அவள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு உள்ளே வந்தால், மெசினுக்கு முன்னால் காலிதீன் குந்திக்கொண்டிருக்கிறார். பசாரில் தையல் மெசின் திருத்துகிறவர் அவர்.

"சரி. போட்டுப் பாருங்க, பூப் போல வரும்" என்றார்.

"அல்லா ஒங்கட கையில பறக்கத்து செய்யட்டும் தம்பி" என்றார் சபியா உம்மா. "ஒரு வருஷமா குறுணிக் கோப்பி குடிச்சி எனக்கு நெஞ்செரிவு வந்திட்டு. இவள்ட மாப்பிள்ள சவூதியில இருந்து திருத்துறாராம், இவ பாத்துக்கிட்டு இரிக்காளாம்."

சொல்லிக்கொண்டே ரேடியோ செற்றை எடுத்து வைத்துப் பதிகிற பொத்தானை அமத்திவிட்டார். காலிதீன் கைபிடியைச் சுற்ற, கறகறவென்று அந்தச் சரியான சத்தம் அப்படியே நாடாவில் ஏறியது.

"கேட்டீங்களா மகன், மெசின் சரியாகிட்டு. எங்களுக்கு இஞ்ச ஒரு குறையுமில்ல. முன்மண்டபத்துக்கு அத்திவாரம் போடணும். நீங்க கவலப்படாம இன்னும் ரெண்டு வருஷம் நில்லுங்க. இந்தா, றபீக்காவும் செல்றாள். செல்லுகா."

செற்றின் சிவப்பு வெளிச்சம் அவளைப் பார்த்தது. காலிதீன் பார்த்தார். உம்மா பார்த்தார்.

"நான் சுகம்" என்றாள் றபீக்கா. "நீங்களும் சுகமா இரிக்கணும்."

சபியா உம்மா கெசட்டைக் கழற்றித் தன் கையாலேயே மீராசா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்று பின்னேரம் கொழும்பு பஸ்ஸில் மீராசாவுக்குப் பயணம்.

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு உம்மா தலையணையில் சாய்ந்ததும் றபீக்கா குசினிக்குப் போனாள். மெசினின் முன்னால் நின்றாள். பிஸ்மில் சொன்னாள். இந்த முறை தளர்த்தவில்லை. சுற்றிச் சுற்றித் திருகாணியை முழுதாகவே கழற்றி எடுத்தாள். பிடி விட்ட வெளித்தட்டு ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. திருகாணியைத் துணித்துண்டில் முடிந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேலியோரமாக நடந்தாள்.

மீராசாவின் மனைவி சுஹறா சூட்கேஸுக்குள் மாசிக் கருவாட்டுத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, இதையும் வெச்சிருங்க."

சுஹறா அவிழ்த்துப் பார்த்தாள். "இதென்னகா, இரும்பு? ஆக்கள் முறுக்கு அனுப்புறாங்க, தொதல் அனுப்புறாங்க. நீ ஆணி அனுப்புறியா?"

"மெசின்ட சாமான்."

"திருத்தவா?"

"ஓம்."

சுஹறா அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் சவூதிக்காரன் பெண்டாட்டிதான். முடிச்சைத் திரும்பக் கட்டி, மாசிக்குள் வைக்காமல், மீராசாவின் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள். "அவர்ட கையிலயே குடுக்கச் செல்றன். போ."

வீட்டில் நடந்ததைச் சொல்லவும் வேணுமா? திருகாணி எங்கே என்று சபியா உம்மா குசினியையே புரட்டிப் போட்டார். அனுப்பிவிட்டேன் என்றாள் றபீக்கா. "ஒனக்குப் பைத்தியமாகா? ஓடுற மெசின்ட ஆணியக் கழத்தி யாரும் கப்பல் ஏத்துவாங்களா?" காலிதீன் தன் கடையிலிருந்த ஆணிகளையெல்லாம் கொண்டுவந்து பார்த்தார். ஒன்றும் புரி பிடிக்கவில்லை. பிறகு உரலில்தான் இடித்தார்கள். இடித்த கோப்பியைக் குடித்துக் குடித்து உம்மா பெருமூச்சு விட்டார். றபீக்கா ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் காதைக் கொடுத்துக்கொண்டு, வயலில் வேளாண்மை வெட்டி முடியும்வரை இருந்தாள். சில நாட்களில் பயமும் வந்தது. அவருக்கு விளங்காவிட்டால்? ஒரு பெண் ஆணியைக் கழற்றி அனுப்பினாள் என்று அறையே கூடிச் சிரித்திருந்தால்?

கெசட் வந்தது. எல்லாரும் வந்தார்கள். வெற்றிலை வட்டா சுற்றியது. ஷரிபுதீன் மாமிக்கு சலாம் சொன்னான், மச்சான்மாருக்குச் சொன்னான், காலிதீன் காக்காவுக்குச் சொன்னான். அவன் குரலுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள், யாரோ பாத்திரம் கழுவினார்கள்.

"றபீக்கா" என்றான். சுகமா என்று கேட்கவில்லை. "திருகாணி வந்து சேந்திச்சி. இத நான் யாருட்டயும் குடுத்து அனுப்ப மாட்டன், துலைஞ்சி போகும். நானே கொண்டாறன். மாமி, அந்த ரெண்டு வருஷத்துக்கு நான் இல்லெண்டு செல்லிட்டன். முன்மண்டபத்த ஊருல இருந்தே பாப்பம். நோம்புக்கு முந்தி வந்திருவன்."

நாடா சும்மா ஓடியது. அதற்குள் டிங், டிங் என்று ஒரு சின்னச் சத்தம். கோப்பையின் விளிம்பில் இரும்பு தட்டுகிற சத்தம்.

"ஒரு ஆணிக்கு ரெண்டு வருஷத்த விட்டுட்டு வாறாரே மனிசன்" என்றார் சபியா உம்மா. அப்புறம் மகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "வரட்டும். எனக்கும் உரல் இடிச்சிக் கேட்டது போதும்" என்று சொல்லி வட்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நோன்புக்கு இன்னும் நாள் கிடந்தது. கடல் காற்றுக்கு இரும்பு சும்மா இருக்காது. அசர் தொழுது முடித்ததும் றபீக்கா தினமும் குசினிக்குப் போய், தொங்குகிற அந்தத் தட்டைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பல்லாகத் தேங்காயெண்ணெய் தடவினாள். துடைத்துவிட்டுத் திரும்பவும் தடவினாள்.